வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் டெல்டாவுக்கு வருகின்றன: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் தை, மாசி மாதங்களில்தான் நம் பக்கம் பழைய கார் வியாபாரம் சூடு பிடிக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் யாராவது ஏழு பேர் அமரும் பெரிய காருக்கு விலை பேசிக்கொண்டிருந்தால், பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை வெள்ளத்தில் மூழ்கி, காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று கணக்கு முடித்துவிட்ட ஒரு காரை, "ஒரே ஓனர், டாக்டர் வண்டி" என்று சொல்லி எங்கள் குடும்பத்திடம் விற்றிருக்கிறார்கள். விற்பனையகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. என்ன செய்தார்கள், எப்படி மறைத்தார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவுக்குள் களிமண் சேறு கணுக்காலுக்கு மேல் இருக்கும். தாழ்வான கார் அடி தட்டும். அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்கு அடிக்கடி தஞ்சாவூர் அழைத்துப் போக வேண்டும். அண்ணன் குடும்பம், எங்கள் குடும்பம் என்று எல்லோரும் ஒரே வண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர வேண்டும். புது எஸ்.யு.வி. வாங்க வசதி இல்லை. நெல் பணத்தோடு கூட்டுறவு வங்கியில் நகைக்கடனும் வைத்து, 2018ஆம் ஆண்டு டீசல் வண்டி ஒன்றை 2025 மாசியில் 8 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். சென்னைப் பதிவெண். மீட்டரில் 72,000 கிலோமீட்டர்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இருபது வருடமாக எங்கள் டிராக்டரையும் பழைய காரையும் பார்த்துவந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போனோம். அவர் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், புகையின் நிறம் பார்த்தார், டயர் தேய்மானம் பார்த்தார், அடியில் படுத்து வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று சேசிஸைத் தடவிப் பார்த்தார். அம்மாப்பேட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் அருமையாக இழுத்தது. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் ஒரே உரிமையாளர், வங்கிக் கடன் இல்லை, தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறது என்று எல்லாம் சரியாக வந்தது. ஒரு வருடமாக வண்டி ஓடாமல் நின்றது ஏன் என்று கேட்டதற்கு, "டாக்டர் வெளிநாடு போய்விட்டார் அண்ணே, வண்டி ஷெட்டில் நிழலிலேயே நின்றது" என்றார் விற்றவர். தன் பிள்ளைகள் மீது சத்தியம் செய்து சொன்னார்.

சித்திரை வெயில் ஏறியதும் கோளாறுகள் தொடங்கின. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கும். நடு இரவில் வாசலில் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்கும். ஏ.சி. போட்டால் முதலில் நல்ல வாசனை, கொஞ்ச நேரத்தில் நனைந்த சாக்கு நாற்றம். ஆல்டர்னேட்டர் போயிற்று, மாற்றினோம். ஸ்டார்ட்டர் மோட்டார் போயிற்று, அதையும் மாற்றினோம். பழைய வண்டி என்றால் நாலு வேலை இருக்கும் என்று பொறுத்துக்கொண்டோம். ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்து, கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினால் எந்த அசைவும் இல்லை. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பின்னால் பஸ், லாரி எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. உள்ளே அம்மாவும் குழந்தைகளும் இருக்கிறார்கள். நான்கைந்து பேர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அன்று வண்டியைக் கட்டி இழுத்துப் போனது ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. ஓட்டுநர் சீட்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றிச் சீட்டை வெளியே எடுத்தார். போல்ட்டின் தலையில் புதுக் கறுப்புப் பெயிண்ட்; உள்ளே இருந்த மரை முழுவதும் துரு. வாசல் படியில் இருந்த பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்து, தரை விரிப்பைத் தூக்கினார். மேல் விரிப்பு புதியது. அதன் அடியில் இருந்த கம்பளிப் பஞ்சு பழையது, கையில் அள்ளினால் கனத்தது. அதற்கும் அடியில், ஒயரிங் ஓடும் பள்ளத்தில் சாம்பல் நிற வண்டல் காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது. அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை ஓடு. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "அண்ணே, இது ஏரித் தண்ணீர் குடித்த வண்டி" என்றார். பிறகு ஒயர்கள் சேரும் கப்ளர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். செம்பு முனைகளில் பச்சைத் தூள் பூத்திருந்தது. ஊசியால் சுரண்டினால் முனையே உடைந்து விழுந்தது.

பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியில் இருக்கும் கிரவுன் ஆயிலை இறக்கிப் பார்த்தோம். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்த ஆயிலின் நிறம் அது.

எங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தேடியது விபத்துக்குள்ளான வண்டியையும் இன்ஜின் தேய்ந்த வண்டியையும். நிறுத்தி வைத்த கார் வெள்ளத்தில் மூழ்கினால், யாரும் சாவியைத் திருப்பாத வரை இன்ஜின் பெரும்பாலும் தப்பிவிடும். தண்ணீரில் ஓட்டினாலோ, மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தாலோதான் காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய், கனெக்டிங் ராடு வளையும். ஆகவே மூழ்கிய காரின் இன்ஜின் சத்தம் நன்றாகவே இருக்கலாம். நாசமாவது ஒயரிங், கணினிப் பெட்டிகள், மோட்டார்கள், பேரிங்குகள். அதுவும் உடனே தெரியாது. மாதக்கணக்கில் அரித்து, ஒவ்வொன்றாகப் போகும். நம் ஊரில் தலைமுறையாகப் பழைய வண்டி பார்க்கும் முறை எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. இந்த ஆட்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான்.

என்னை உறங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எங்கள் வண்டியில் அது எரியவே இல்லை. எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பிரித்தபோது, அந்த விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற ஏர்பேக் கப்ளர் அரித்துப்போய், கோளாறு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விளக்கை மறைத்துவிட்டார்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகப்போகிறோம் என்று தெரிந்தே, எங்கள் கையைக் குலுக்கி, மாலை போட்டு, சாவி கொடுத்தார்கள். பணத்தைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். இதை மன்னிக்க என்னால் முடியாது.

சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றையும் எடுத்துக்கொண்டு அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்குப் போனேன். வரலாறு முழுவதும் அவர்கள் கணினியில் இருந்தது. கடைசிப் பதிவு 2023 டிசம்பர்: மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கி இழுத்து வரப்பட்ட வண்டி, சீட் உயரத்துக்கு மேல் தண்ணீர், மதிப்பீடு மட்டும் போடப்பட்டது, வேலை செய்யப்படவில்லை. அப்போது ஓடியிருந்த தூரம் 1,18,000 கிலோமீட்டருக்கு மேல். மூழ்கிய மீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொரு வண்டியின் மீட்டரை மாட்டியதில் 46,000 கிலோமீட்டர் காணாமல் போயிருக்கிறது.

முதல் உரிமையாளரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் டாக்டரும் இல்லை, வெளிநாடும் போகவில்லை. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஏலம் எடுத்தவரிடம் வண்டியை ஒப்படைத்திருக்கிறார். பழுது பார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடித்துக் கொடுப்பது நடைமுறை. பிறகு அந்தப் பழுதான வண்டி ஏலத்துக்குப் போகும். அது வரைக்கும் தவறு ஒன்றும் இல்லை. ஏலம் எடுத்தவர் தன் பெயருக்கு மாற்றாமல், முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட 29, 30 என்ற பெயர் மாற்றப் படிவங்களை அப்படியே வைத்துக்கொண்டு கைமாற்றியிருக்கிறார். யார் யார் கைக்குப் போனாலும் ஆர்.சி.யில் அது ஒரே உரிமையாளர் வண்டியாகவே நின்றது. செயலியில் நாங்கள் பார்த்தது அதைத்தான். முழு இழப்பு, வெள்ளம் எதுவும் அதில் வராது. கார் விற்பவர்களுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இந்தத் தாள்களோடு விற்பனையகத்துக்குப் போனபோது அண்ணே என்ற அழைப்பு சாராக மாறியிருந்தது. "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று நீங்கள்தானே சார் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று டெலிவரி சீட்டை நீட்டினார்கள். வண்டி வெள்ளத்தில் மூழ்கியது தங்களுக்கே தெரியாது என்றார்கள். விளக்கின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும், விற்பனைக்கு வரும் வண்டியைத் தாங்கள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் சர்வீஸ் மையத்துக்குப் போங்கள். வண்டி பார்ப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையே உடன் வந்து சர்வீஸ் வரலாற்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவரைச் சந்திக்க முடியாது, பேச முடியாது என்று இடைத்தரகர் சொன்னால் அந்த வண்டி வேண்டாம். அடுத்து, கடைசியாக இருந்த முழுக் காப்பீட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்தது புதிதாகப் போட்ட மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். பல லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு முழுக் காப்பீடு இடையில் அறுந்து போயிருந்தால் காரணம் வேண்டும். பழைய பத்திரத்தில் உள்ள நிறுவனத்திடம் இழப்பீடு ஏதும் பெறப்பட்டதா என்று உரிமையாளர் மூலமாக எழுதிக் கேட்கலாம்.

வண்டியில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் துவைத்துப் பெயிண்ட் அடித்தவர்கள் கை எட்டாத இடமாகப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளின் அடியில் உள்ள பகுதியில் கறைக் கோடு நிற்கும். ஸ்டெப்னி பள்ளம், சீட் தண்டவாளத்தின் அடிப்பக்கம், ஃபியூஸ் பாக்ஸின் பின்புறம் ஆகிய இடங்களில் வண்டல், துரு இருக்கிறதா என்று பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க விடாத வியாபாரியிடம் வாங்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ். (பிரேக்) விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து, வண்டியின் கணினிப் பெட்டிகளில் கோளாறு இருக்கிறதா என்று ஸ்கேனர் போட வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கவில்லை, முழு இழப்பு என்று முடிக்கப்படவில்லை, மீட்டர் மாற்றப்படவில்லை என்று மூன்றையும் விற்பனைச் சீட்டில் எழுதி, முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னை வண்டி என்றால் மட்டும் பார்த்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அதே 2023 டிசம்பரில் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அங்கே மூழ்கிய கார்களும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். ஒயரிங்கைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மாற்றிய பழைய பாகங்களைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தையும் பேச்சையும் அழிக்காதீர்கள். "ஒரே ஓனர், 72,000 கி.மீ., தண்ணீர் படாத வண்டி" என்று அவர்களே அனுப்பிய படம்தான் எங்கள் புகாரில் முதல் ஆவணமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.