ஃபேனை யார் ஓட்டுவது: பயாஸா, மென்பொருளா?

பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் போதும், சிபியு ஃபேன் 'உர்ர்' என்று எகிறி நாலு நொடியில் அடங்கும். அடுத்த டேப், மறுபடியும் உர்ர். பலர் இதற்காக ஃபேனையே மாற்றிவிடுகிறார்கள். ஃபேன் மேல் குற்றமில்லை. சின்ன வேலைக்கே சிப்பின் வெப்பம் ஒரு கணத்தில் துள்ளும், ஆனால் மேலே இருக்கும் ஹீட்சிங்க் அதற்குள் சூடாகியே இருக்காது. மதர்போர்டோ சிப் சொல்லும் எண்ணை மட்டும் பார்த்து ஃபேனை விரட்டுகிறது.

பயாஸில், அதாவது கணினி ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையில், ஃபேன் பக்கத்துக்குப் போய் 'ஸ்டெப் அப்' நேரத்தை (ஃபேன் வேகமெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) மூன்று, நான்கு நொடிக்கு ஏற்றினேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. ஏசஸில் க்யூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், ஏஎஸ்ராக்கில் ஃபேன்-டேஸ்டிக் ட்யூனிங் என்று பெயர்தான் வேறு, சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். தாமத அமைப்பு மட்டும் எல்லா போர்டிலும் ஒரே பெயரில் இருக்காது, கொஞ்சம் தேட வேண்டும்.

எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்று சொல்லும் கோடுதான் கர்வ். அதை வரைய உட்காரும் முன் இன்னொன்றைப் பாருங்கள். போர்டில் ஃபேன் ஒயரைச் செருகும் ஹெடர் எந்த மோடில் இருக்கிறது? 4 பின் ஃபேனுக்கு 12 வோல்ட் மாறாமல் போகும், நான்காவது பின்னில் வரும் சுமார் 25 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் என்ற துடிப்பு சிக்னல்தான் வேகத்தைச் சொல்லும். 3 பின் ஃபேனில் அந்தப் பின்னே இல்லை, வோல்டேஜைக் குறைத்தால்தான் அது மெதுவாகும். அதை பிடபிள்யூஎம் மோடில் விட்டுவிட்டால் எப்படி கர்வ் வரைந்தாலும் முழு வேகம்தான்.

பயாஸில் எனக்குப் பிடித்தது, அது யாரையும் நம்பி இல்லை. வேலையைச் செய்வது போர்டில் இருக்கும் சிப். விண்டோஸ் தொங்கினாலும், லினக்ஸ் போட்டாலும் கர்வ் அப்படியே ஓடும். மென்பொருளில் அது கிடையாது. அது பாதியில் செத்தால், கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே ஃபேன் மாறாமல் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். இதனால் சிபியு ஃபேனை நான் மென்பொருளிடம் கொடுப்பதே இல்லை.

ஆனால் கேம் ஆடுபவருக்கு பயாஸ் ஒரு இடத்தில் கைவிரிக்கும். பெரும்பாலான போர்டுகள் தம் சென்சார்களையும் சிபியுவையும்தான் பார்க்கும், கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் அவற்றுக்குத் தெரியாது. கார்டு கொதித்துக்கொண்டிருக்கும், சிபியு 60 டிகிரியில் சும்மா இருக்கும், கேபினெட் ஃபேன்களும் அதைப் பார்த்து மெதுவாகச் சுற்றும். இங்கேதான் 'ஃபேன் கன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருள் ஜெயிக்கிறது. சிபியு, கார்டு இரண்டுக்கும் தனித்தனி கர்வ் வரைந்து, அப்போது எது அதிகமோ அதை கேபினெட் ஃபேனுக்குக் கொடுக்கச் சொல்லலாம். லினக்ஸில் வெப்பத்தைப் படிக்கும் எல்எம்-சென்சார்ஸோடு ஃபேன்கன்ட்ரோல் ஸ்கிரிப்ட் உண்டு, அதை அமைக்கப் பொறுமை வேண்டும். ஆனால் ஃபேனை ஓட்டும் மென்பொருள் இரண்டு ஒரே சமயத்தில் ஓடக் கூடாது. இரண்டும் ஒரே சிப்போடு மல்லுக்கட்டும்.

ஆக, சிபியு ஃபேன் பயாஸில், கேபினெட் ஃபேன் மென்பொருளில். பயாஸ் கர்வை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பயாஸை அப்டேட் செய்தால் பெரும்பாலும் அழிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சத்தம் குறையவில்லையா? அப்படியென்றால் பயாஸில் பவர் லிமிட், அதாவது சிபியு இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கும் பக்கம் போங்கள். இன்டெல் ஐ7-13700கே அடிப்படையில் 125 வாட், உச்சத்தில் 253 வாட் இழுக்கும். ஏஎம்4 சாக்கெட்டில் 105 வாட் என்று விற்கப்படும் ஏஎம்டி ரைசன் சிபியுவுக்கு உண்மையான எல்லை 142 வாட், மின்சாரத்தைக் குறைக்கும் 65 வாட் ஈகோ மோடு போட்டால் 88 ஆகிவிடும். இழக்கும் வேகம் அன்றாட வேலையில் தெரிவதே அபூர்வம். நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்பவர் மட்டும் யோசிக்கலாம்.

பயாஸில் 'இஆர்பி' என்று ஒன்றும் கண்ணில் படும். அணைத்த கணினி இழுக்கும் மின்சாரத்தை அரை வாட்டுக்குக் கீழே கொண்டுவரும் அமைப்பு அது. பதிலுக்கு, அணைந்த கணினியை கீபோர்டிலிருந்தோ நெட்வொர்க் வழியாகவோ எழுப்ப முடியாது. எனக்கு இரண்டுமே தேவையில்லை, போட்டுவிட்டேன். கணினியை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்த மவுஸ் விளக்கு அன்றிலிருந்து எரிவதில்லை.