கும்பகோணத்துத் தையல் நோட்டும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும்

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், அச்சகத்தை ஒட்டினாற்போல ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. பள்ளிக்கூட ரிக்கார்டு, கடைக்காரர்களின் பேரேடு, வக்கீல் ஆபீஸ் கட்டு எல்லாம் அங்கே தைக்கிறார்கள். அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் மேப்லித்தோ என்ற அச்சுத் தாளைச் சேர்த்து, கோடு போடாத நோட்டாகவும் தைத்துக் கொடுப்பார்கள். 200 பக்கம், 120 ரூபாய். அந்த நோட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆடுதுறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நான் கணக்கு எழுதுகிறேன். குறுவை அறுப்பு வந்துவிட்டால் தலை முழுக்க 40 கிலோ நெல் சிப்பமும் அதன் ஈரப்பதமும்தான். வீட்டுக்கு வந்து படுத்தாலும் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு அடியில், அப்பா போனதிலிருந்து ஒரு பாரம். இரண்டையும் இறக்கிவைக்க எனக்குக் கிடைத்த வழி, கையை நிறுத்தாமல் எழுதுவது. அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் இதற்குச் சொன்ன விதி எளியது: பத்து நிமிஷம் பேனா நிற்கக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. ஒன்றும் தோன்றவில்லையா, தோன்றவில்லை என்பதையே எழுது.

இந்த விதிக்குத் தோதான நோட்டு கிடைப்பதுதான் கஷ்டம். பரிசாக வரும் வழவழ டைரியைத் திறந்தாலே, நல்ல வாக்கியமாக வரவேண்டுமே என்று கை தயங்கும். தேதி போட்டதில் மனசு கொட்டும் நாளுக்குப் பக்கம் பத்தாது. ஸ்பிரிங் நோட்டில் கம்பி மணிக்கட்டில் இடிக்கும். இந்தக் கடை நோட்டு தையல் போட்டு, முதுகில் காலிகோ துணி ஒட்டியது. விரித்தால் தட்டையாகக் கிடக்கிறது, இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டாம். கோடு இல்லாததால் கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும், சோர்ந்தால் வரி சரிந்து இறங்கும், எதுவும் தடுக்காது. மிச்சத் தாள் என்பதால் நடுநடுவே நிறம் லேசாக மாறும். யாரிடமும் காட்டப்போகாத எழுத்துக்கு இந்தத் தாளே எனக்கு உகந்தது. வீணாகிறதே என்ற நினைப்பே வராது.

குறைகளும் உண்டு. முதல் சில பக்கங்கள் பசையில் இறுகி நிற்கும். ஐப்பசி அடைமழையில் தாள் ஈரம் குடித்து மை ஊறுகிறது. அந்த மாதங்களில் பால்பாயிண்ட் பேனாதான். அட்டை மூலைகள் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

நோட்டு பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியை நாகஸ்வரம் செய்கிறது. எழுதும்போது வாய்ப்பாட்டு வைத்தால் பாட்டின் சொற்கள் நம் சொற்களுக்குள் புகுந்துவிடும். அதனால் சொல்லே இல்லாத ராக ஆலாபனை மட்டும் கேட்கிறேன். எங்களுக்குப் பக்கத்து ஊர் நரசிங்கப்பேட்டை, ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் ஊர். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி சுருதியை இறக்கி நீளமாகச் செய்து கொடுத்த பாரி நாயனம் இங்கே பிறந்ததுதான். அதற்கு முன்பிருந்த திமிரி உச்ச சுருதியில் தெருக்கோடிவரை கேட்கும். பாரியின் கனத்த நாதத்தோடுதான் என்னால் ஒரு சின்ன அறைக்குள் உட்கார முடிகிறது.

எதை முதலில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். மனசு கனத்திருக்கும்போது எடுத்த எடுப்பில் உற்சாகமான மோகன ராகம் வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். 1940களில் ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு ஒரு முறை சொன்னார்: நோயாளி அப்போது இருக்கும் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். இசை சிகிச்சையில் இன்றும் இதைக் கையாள்கிறார்கள். விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று கோயில் நாயனத்தோடு வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். நான் முதலில் சோகத்துக்குரிய முகாரி ராகம் வைத்து, எழுதாமல் கேட்பேன். அப்புறம் பிள்ளையவர்களின் தோடி. அது தொடங்கும்போது பேனாவை எடுப்பேன். வேறு பதிவுகளில் தவில் சேரும் இடத்தில் கை தானாக வேகம் பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன். கோபத்தை எழுதித் தீர்க்க வேண்டிய நாளில் அதுதான் சரி. எழுதி முடித்த பிறகே மோகனம். அப்போது அது உள்ளே போகிறது.

முதல் பக்கம் எப்போதும் சிப்பக் கணக்கும், கேஸ் சிலிண்டர் புக் செய்தாச்சா என்பதும்தான். அதைத் தாண்டினால் அப்பாவின் மூக்குக் கண்ணாடி, ஆஸ்பத்திரி வராந்தா, அவரிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் வரும். எழுதிய உடனே லேசாகிவிடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். 1986இல் வெளியான அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிஷம், தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதை உணர்ச்சியோடு எழுதியவர்கள் எழுதிய கையோடு இன்னும் வாடித்தான் போனார்கள். அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. எனக்கும் அன்றிரவு கண் கலங்கும். மறுநாள் எடைமேடை முன்னால் நிற்கும்போதுதான் தலைக்குள் இடம் கிடைத்திருப்பது தெரியும். வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனவர்கள் நோட்டோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள்.

கடையில் "கோடு இல்லாமல், தையல் போட்டு" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சும்மா நோட்டு என்றால் ஸ்டேப்ளர் பின் அடித்ததைத் தந்துவிடுவார்கள். 200 பக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள், தடித்தால் தட்டையாக விரியாது. ஜூன் மாதம் முழுக்கப் பள்ளி வேலை குவிந்திருக்கும், அப்போது போய் நிற்க வேண்டாம்.