காலைப் பாராயணத்துக்குச் சிவபுராணமா, விஷ்ணு சகஸ்ரநாமமா?

பணி ஓய்வுக்குப் பின் நாள்தோறும் காலையில் ஒரு பாராயணம் என்று முடிவு செய்தபோது, என் முன் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் முதலாவதாக அமைந்த சிவபுராணம்; மற்றொன்று விஷ்ணு சகஸ்ரநாமம். இரண்டையும் தலா ஓராண்டு ஓதிய பிறகு சிவபுராணத்தில் நிலைத்துவிட்டேன் என்பதால், என் சாய்வை மறைக்காமலே எழுதுகிறேன்.

நேரக் கணக்கை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 95 அடிகள் கொண்ட சிவபுராணம் பத்து நிமிடத்தில் முடியும். சகஸ்ரநாமத்துக்கு, ஓதுவதன் பயனைச் சொல்லும் இறுதிப் பகுதியான பலச்ருதியும் சேர்த்து, அரை மணி நேரம் வேண்டும்.

எனக்குத் தீர்ப்பாக அமைந்தது பொருள்தான். 'சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்' சிவபுரத்தினுள் செல்வார் என்று தன் ஈற்றிலேயே சிவபுராணம் நிபந்தனை வைக்கிறது. புல்லாய், பூடாய், புழுவாய், மரமாய் எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் என்னும் இடத்தில் அகராதியைத் தேட வேண்டியதில்லை. வாய் சொல்லும்போதே மனம் இளைப்பை உணர்கிறது. ஆயினும் எல்லா அடிகளும் அவ்வளவு எளியவை அல்ல. 'விலங்கு மனத்தால்' என்பதை மிருக மனம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். விலங்குதல் என்றால் விலகிச் செல்லுதல் என்று உரை படித்து அறிந்த பின், அந்த அடி என்னை விடாமல் பின்தொடர்ந்தது. மிருகம் என்றபோது அது வேறு யாருடைய மனமோ என்று இருந்துவிடலாம். விலகும் மனம் என்றபோது, நமச்சிவாய என்று தொடங்கிய மறுகணமே மின்கட்டணத்தை நினைக்கும் என் மனத்தையே அது சுட்டியது. வீட்டில் குரல் உயரப் போகும் நேரத்தில் இந்த அடி நினைவுக்கு வந்து என்னை நிறுத்தியதுண்டு; நிறுத்தாத நாள்களும் உண்டு.

அறவாழ்வை நேராகப் பேசுவதில் சகஸ்ரநாமமே முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் யுதிஷ்டிரரின் வினாக்களுக்கு விடையாகச் சொன்னது அது. ஒழுக்கத்திலிருந்தே தர்மம் பிறக்கிறது, அந்தத் தர்மத்துக்குத் தலைவன் அச்சுதன் என்று பலச்ருதிப் பகுதி வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் ஆயிரம் நாமங்களில் 'விஷ்ணு' என்ற ஒரு பெயரே மூன்று இடங்களில் வருகிறது. ஆதிசங்கரரின் உரையோ பராசர பட்டரின் உரையோ துணையிருந்தால்தான் அவை வெவ்வேறு பொருளில் நிற்பது விளங்கும். உரையில்லாமல் ஓதிய எனக்குப் பெயர்கள் ஓடினவே தவிர ஒன்றும் தங்கவில்லை. இதை நூலின் குறை என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. சமஸ்கிருதம் கற்றவருக்கோ, குருவிடம் முறையாகப் பாடம் கேட்டவருக்கோ என் கணக்கு தலைகீழாகலாம்.

பலர் கூடி ஓதும்போது சகஸ்ரநாமத்தின் ஓட்டம் தனியொரு நிறைவைத் தருகிறது. திருவாசக முற்றோதலில் நான் ஒருமுறைதான் அமர்ந்திருக்கிறேன் என்பதால் இந்த வகையில் இரண்டையும் ஒப்பிட முற்படவில்லை. ஏகாதசி மாலைகளில் அடுத்த தெருப் பஜனைக் குழுவோடு, புத்தகத்தைப் பார்த்தபடி, இன்றும் சகஸ்ரநாமம் ஓதிவருகிறேன்.