கம்ப்ரெஸ்டு ரா ஃபைல்: எந்த வேலைக்கு எதை வைப்பது?

புது கேமராவை போரா பஜாரிலிருந்து வாங்கிக்கொண்டு வந்ததும் மெனுவுக்குள் போய் ரா ஃபைலை (சென்சார் பதிந்த தகவலைப் படமாக மாற்றாமல் வைத்திருக்கும் ஃபைல்) "அன்கம்ப்ரெஸ்டு" என்று மாற்றிவிடுவது மும்பையில் நம் தமிழ்ப் போட்டோகிராபர்கள் பலரிடம் சடங்காகவே ஆகிவிட்டது. மாட்டுங்காவில் கல்யாணம் எடுப்பவரும் அப்படித்தான் செய்கிறார், ஞாயிறு காலை பாண்டுப் பம்பிங் ஸ்டேஷனுக்குப் பறவை எடுக்கப் போகிற இளைஞரும் அப்படித்தான் செய்கிறார். படத்தைச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் சூடுபட்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு என்பதால், சுருக்கினாலே தரம் போய்விடும் என்ற பயம் ராவுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயத்துக்காக ஹார்ட் டிஸ்க்குக்கும் மெமரி கார்டுக்கும் நாம் கொட்டும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

கேமராக்களில் பொதுவாகப் பார்க்கும் தேர்வுகள் மூன்று: அன்கம்ப்ரெஸ்டு (சுருக்காதது), லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு (எதையும் இழக்காமல் சுருக்கியது), வெறும் கம்ப்ரெஸ்டு (கொஞ்சம் தகவலை விட்டுவிட்டுச் சுருக்கியது). முதல் இரண்டுக்கும் இடையே படத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வித்தியாசம் என்று சொல்லவில்லை. ஒரு பிக்சலில்கூட, ஒரு பிட்கூட மாறாது.

லாஸ்லெஸ் வேலை செய்யும் விதம் எளிமையானது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பு பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். 2104, 2107, 2103 என்று மூன்று பெரிய எண்களை எழுதுவதற்குப் பதில் 2104, +3, -4 என்று வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். அடிக்கடி வரும் வித்தியாசங்களுக்குக் குட்டைக் குறியீடு, அரிதாக வருவதற்கு நீளக் குறியீடு. டேவிட் ஹஃப்மன் 1952-லேயே கொடுத்துவிட்ட வழி இது. லைட்ரூம் போன்ற எடிட்டிங் மென்பொருளில் திறக்கும்போது கூட்டிக் கழித்துப் பழைய எண்கள் அப்படியே வந்துவிடும். கேனன் டிஎஸ்எல்ஆர்களின் சிஆர்2 ஃபைல் முழுக்க இந்த ரகம்தான். அதில் அன்கம்ப்ரெஸ்டு என்ற தேர்வே இல்லை. இத்தனை ஆண்டுகள் கேனனில் கல்யாணம் எடுத்தவர்கள் எல்லோரும் கம்ப்ரெஸ்டு ராவில்தான் எடுத்தார்கள், யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை.

இடத்தைப் பாருங்கள். நிக்கான் டி850-இல் 14 பிட் அன்கம்ப்ரெஸ்டு ஒரு ஃபைல் சுமார் 92 எம்பி. அதே படம் லாஸ்லெஸ்ஸில் சுமார் 52 எம்பி. 14 பிட் தகவலை 16 பிட் இடத்தில் வைப்பதால் ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு பிட் காலியாகவே கிடக்கிறது. ஒரு கல்யாணத்தில் 3000 ஃபைல், இரண்டு காப்பி என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் மட்டும் 240 ஜிபி. எட்டுக் கல்யாணம் முடிந்தால் கிட்டத்தட்ட 2 டிபி இடம் ஒன்றுமில்லாததற்காகப் போயிருக்கும். லாமிங்டன் ரோட்டில் அந்த டிஸ்க்குக்குக் காசு கொடுப்பது நாம்தான். கார்டில் எழுதும் நேரமும் கூடும். தாலி கட்டும் நேரத்தில் பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் காத்திருக்கும் தற்காலிக இடம்) நிறைந்து கேமரா திணறினால் அந்த நொடி திரும்ப வராது. உங்கள் கேமராவில் லாஸ்லெஸ் இருந்தால் அதை வையுங்கள். அன்கம்ப்ரெஸ்டைத் தொடவே வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நிக்கானே 2021-இல் வந்த இசட்9-இல் அன்கம்ப்ரெஸ்டைக் கொடுக்கவில்லை.

யோசிக்க வேண்டியது மூன்றாவது தேர்வைப் பற்றித்தான். "கம்ப்ரெஸ்டு" என்று மெனுவில் போட்டிருப்பது ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்கிறது. ஒன்றைப் பற்றிக் கேட்ட புகாரை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடுகிறோம்.

நிக்கானின் பழைய கம்ப்ரெஸ்டு முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒளி துகள் துகளாக வந்து விழுவதால் எந்த வெளிச்சத்திலும் ஒரு இயற்கையான நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான ஏற்ற இறக்கம், உண்டு. அதன் அளவு வெளிச்சத்தின் வர்க்கமூலம். ஒளியை எலக்ட்ரான்களாகச் சேர்த்துவைக்கும் பிக்சலில் 40,000 எலக்ட்ரான் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அது நிறையும்போது நாய்ஸ் 200 எலக்ட்ரான். 14 பிட்டில் வெளிச்சத்தைக் குறிக்க 16,384 படிகள். ஒரு படிக்குச் சுமார் இரண்டரை எலக்ட்ரான். ஆக, பளிச்சென்ற பகுதியில் நாய்ஸ் மட்டுமே 80 படி அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பதிந்து வைப்பதில் படத்துக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால் நிக்கான் இருட்டுப் பகுதியின் படிகளை அப்படியே விட்டுவிட்டு, வெளிச்சம் ஏற ஏறப் படிகளின் இடைவெளியை அகலப்படுத்துகிறது. போவது நாய்ஸுக்குள் முழுகிக் கிடந்த எண்கள்தான். பட்டுப்புடவையின் ஜரிகையோ, கடற்கரைச் சேற்றில் நிற்கும் பூநாரையின் வெளிர் சிறகோ இதனால் கெட்டுப்போவதில்லை. பௌதிகத்தைப் புரிந்துகொண்டு செய்த நேர்மையான சுருக்கம் என்றுதான் இதைச் சொல்வேன்.

சோனியின் கம்ப்ரெஸ்டு வேறு கதை. அதில் முதல் கட்டம் நிக்கானைப் போலத்தான். ஒரு வளைவு வழியாக 14 பிட்டை 11 பிட்டுக்குக் கொண்டுவரும். தொந்தரவு இரண்டாவது கட்டத்தில். ஒரே நிறத்துப் பிக்சல்களை 16, 16-ஆகக் கட்டுகிறது. ஒவ்வொரு கட்டிலும் மிகப் பெரிய மதிப்பையும் மிகச் சிறிய மதிப்பையும் 11 பிட்டில் எழுதிவிட்டு, அவை இருக்கும் இடங்களை நாலு நாலு பிட்டில் குறித்துவிட்டு, மீதி 14 பிக்சல்களுக்கு ஆளுக்கு 7 பிட் மட்டும் கொடுக்கிறது. கூட்டினால் 128 பிட், அதாவது பிக்சலுக்குச் சரியாக ஒரு பைட். 42 மெகாபிக்சல் கேமராவில் ஃபைல் 42 எம்பி பக்கம் நிற்பதற்கு இதுதான் காரணம். கட்டுக்குள் பெரியதுக்கும் சிறியதுக்கும் இடைவெளி குறைவு என்றால் 7 பிட் தாராளம். ஒரு முனையில் பளீர் விளக்கும் மறுமுனையில் கருப்பு வானமும் ஒரே கட்டில் மாட்டிக்கொண்டால், இருட்டுப் பிக்சல்களின் மதிப்பு 16 படிக்கு ஒரு தாவல் என்ற கணக்கில் முரடாகிவிடும். எடிட்டிங்கில் ஷேடோவை (இருட்டுப் பகுதியை) வெளிச்சமாக ஏற்றும்போது விளக்கு ஓரத்தில் மணல் கொட்டினாற்போல ஒரு பிசிறு தெரியும்.

மும்பையில் இதற்கு நேர் உதாரணம் பாந்த்ரா-வொர்லி சீ லிங்க் கடல் பாலம். இரவில் ரெக்ளமேஷன் பக்கத்திலிருந்து எடுத்தால், வெளிச்சம் விழுந்த கேபிள்களும் அவற்றுக்குப் பின்னால் வழுவழுப்பான கருவானமும் ஒட்டிக்கொண்டே வரும். இந்தச் சுருக்கத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. நட்சத்திரக் கோடுகள் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். கல்யாண மண்டபத்தில் ஹோமத் தீயும் பக்கத்தில் இருட்டு முகமும் இருந்தாலும் புகை, நகை, பூ என்று அங்கே இழைநயம் அதிகம். பிசிறு அதற்குள் மறைந்துவிடும். 12×36 ஆல்பத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வழுவழுப்பான இருட்டு, ஒட்டினாற்போல் கூர்மையான வெளிச்சம், அதோடு ஷேடோவைப் பல ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஏற்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் குறை வெளியே வரும்.

புகார்கள் அதிகமானதும் சோனி 2015-இல் ஏ7ஆர் மார்க் 2 போன்ற கேமராக்களுக்கு ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் மூலம் அன்கம்ப்ரெஸ்டு கொடுத்தது. லாஸ்லெஸ் வந்தது 2021-இல், ஏ1 கேமராவோடு. இடைப்பட்ட காலத்துக் கேமராக்கள் இன்றும் செகண்ட் ஹேண்டில் கைமாறுகின்றன. ஏ7 மார்க் 3-இல் இன்றுவரை கம்ப்ரெஸ்டு, அன்கம்ப்ரெஸ்டு இரண்டே தேர்வு. மேலே அன்கம்ப்ரெஸ்டைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு விதிவிலக்கு இந்தக் கேமராக்கள்.

கேனன் 2018-இல் எம்50 கேமராவோடு சிஆர்3 ஃபைலையும் சி-ரா என்ற தேர்வையும் கொண்டுவந்தது. அளவு சுமார் 40 சதவீதம் குறையும். இதில் சோனி மாதிரி ஓரப் பிசிறு வருவதில்லை. எக்ஸ்போஷரை மிகவும் குறைத்து எடுத்துவிட்டுப் பிறகு நாலைந்து ஸ்டாப் ஏற்றினால் ஷேடோவில் நாய்ஸ் திட்டுத் திட்டாகத் தெரியலாம். சரியான எக்ஸ்போஷரில் எடுப்பவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

வேகம் வேண்டும் என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது. சோனி ஏ7 மார்க் 4-இல் நொடிக்கு 10 பிரேம் கம்ப்ரெஸ்டில் மட்டும்தான். லாஸ்லெஸ்ஸுக்குப் போனால் 6 பக்கம் இறங்கிவிடும். ஏ1-இல் 30 பிரேம் என்பதும் கம்ப்ரெஸ்டு ராவில்தான், லாஸ்லெஸ்ஸில் 20. நிக்கான் இசட்9-இல் ஹை எஃபிஷியன்சி ரா என்று புதிதாக ஒன்று வந்தது. இன்டோபிக்ஸ் என்ற நிறுவனத்தின் டிகோரா நுட்பம் அது. லாஸ்லெஸ் ஃபைல் சுமார் 55 எம்பி என்றால், மெனுவில் ஸ்டார் குறி போட்ட ஹை எஃபிஷியன்சி 33, ஸ்டார் இல்லாதது 22. சிவ்ரியிலோ தானே கழிமுகத்திலோ பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பும்போது அது சில நொடிகளில் முடிந்துவிடும் விஷயம். அங்கே பஃபர் நிறைந்து நின்றால் சிறகு முழுக்க விரிந்த அந்த ஒரு பிரேம் கிடைக்காது. காலை வெளிச்சத்தில், நல்ல எக்ஸ்போஷரில், பறவைச் சிறகில் சுருக்கத்தின் தடயத்தைத் தேடிப் பிடிப்பது மிகவும் கஷ்டம். பறவைக்கு நான் தயங்காமல் கம்ப்ரெஸ்டு என்றே சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஹை எஃபிஷியன்சி ஃபைல் லைட்ரூமில் திறக்கும், டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் வேலை செய்பவர்கள் கேமரா மெனுவை மாற்றும் முன் ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சண்முகானந்தா ஹாலில் கச்சேரி எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 6400 போன்ற உயரத்தில் நாய்ஸ்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே சுருக்கத்தால் போவதைவிட நாய்ஸ் பல மடங்கு பெரியது. லாஸ்லெஸ் ஃபைலும் அங்கே கொஞ்சம் பெருத்துப்போகும், ஏனென்றால் தாறுமாறான எண்களைச் சுருக்க வழியில்லை.

ஏ7 மார்க் 3 வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? கல்யாணம், கச்சேரி, பறவை எல்லாவற்றுக்கும் கம்ப்ரெஸ்டு போதும். சீ லிங்க், மரைன் டிரைவ் இரவுக் காட்சி, நட்சத்திரம் என்று கிளம்பும் நாளில் மட்டும் அன்கம்ப்ரெஸ்டு. 24 எம்பி ஃபைல் 47 எம்பி ஆகும். அன்று எடுப்பதே குறைந்த படங்கள் என்பதால் அது பாரமில்லை. வீட்டுக்கு வந்ததும் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் (ராவை டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) போட்டால் லாஸ்லெஸ் முறையில் சுருக்கிக் கொடுத்துவிடும், கேமராவில் இல்லாத தேர்வு கம்ப்யூட்டரில் கிடைத்துவிடும். மாற்றும்போது அமைப்புகளில் லாஸி கம்ப்ரெஷன் (தகவலை இழக்கும் சுருக்கம்) என்ற பெட்டி டிக் ஆகாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.