நடுக்குவாதத்தோடு நெடும்பயணம்: சாய்ந்தமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்

நடக்கும்போது கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் பார்க்கின்சன் (நடுக்குவாத) நோயாளி ஒருவர், தடையின்றிச் சைக்கிள் ஓட்டிச் செல்லும் காணொளியை நெதர்லாந்தின் நரம்பியல் மருத்துவர் பாஸ் புளூம் 2010-இல் வெளியிட்டபோது மருத்துவ உலகமே வியந்தது. மிதிக்கும் திறன் பலருக்கு நெடுநாள் நீடிக்கிறது. முதலில் கைவிடுவது சமநிலைதான். எனக்கும் அதுவே நேர்ந்தது. ஆகவே, பார்க்கின்சன்ஸ் யூகே என்னும் பிரிட்டன் தொண்டு அமைப்புக்கு நிதி திரட்ட லண்டனிலிருந்து பிரைட்டன் வரை செல்வதென்று முடிவு செய்தபோது, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் கொண்ட, ‘டாட்போல்’ எனப்படும் வகை ரிக்கம்பென்ட் (சாய்ந்தமர்ந்து ஓட்டும்) சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன்.

இதன் கைப்பிடிகள் தொடைகளின் இரு பக்கமும் இருக்கின்றன. கைகளைத் தொங்கவிட்டபடியே திருப்பலாம் என்பதால் மணிக்கட்டில் பாரம் இறங்குவதில்லை. வலக்கை நடுங்கினாலும் வண்டி தன் பாதையிலேயே செல்கிறது. ஆனால் இறக்கத்தில் பயந்து பிடியை இறுக்கினால் அந்த நடுக்கம் சக்கரம் வரை போய்விடுகிறது; தளர்த்திப் பிடிக்கப் பழக வேண்டும்.

வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டியவற்றுள் முதன்மையானது, முன்சக்கரங்கள் இரண்டின் பிரேக்கையும் ஒரே நெம்புகோலில் இணைத்து, நன்றாக இயங்கும் கையின் பக்கம் பொருத்தித் தருவது. முறுக்கி மாற்றும் கியர், விறைத்த மணிக்கட்டுக்குப் பெரும் தொல்லை. கைப்பிடி நுனியில் தள்ளும் சிறு நெம்புகோலே ஏற்றது. குதிகாலைத் தாங்கும் பட்டையும் கட்டாயம் தேவை. கால்விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும் வேளையில் பாதம் மிதிகட்டையிலிருந்து நழுவித் தரையைத் தொட்டால், ஓடும் வண்டி காலின் மேலேயே ஏறிவிடக்கூடும்.

பிரைட்டனுக்கு முன்னால் வரும் டிச்லிங் பீக்கன் ஏற்றத்தில்தான் இதன் அருமை முழுமையாகத் தெரிந்தது. இரு சக்கர சைக்கிளில் வேகம் குறையக் குறையத் தள்ளாடும். இதிலோ மிகச் சிறிய கியரில் நடைவேகத்துக்கும் கீழே ஊர்ந்து, நடுவழியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் விழாமல் புறப்பட முடிந்தது. இருக்கையின் பக்கவாட்டுப் பை கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை உரிய நேரத்தில் எடுக்கவும் முடிந்தது. புரதம் அந்த மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும் என்பதால், பால், முந்திரி முதலியவற்றை மாத்திரை வேளையில் தள்ளிவைத்தேன்.

நன்கொடை கேட்கும்போது, பிரிட்டனில் வரி செலுத்துவோர் ‘கிஃப்ட் எய்ட்’ (நன்கொடைக்கான வரியை அரசு தொண்டு அமைப்புக்கே தரும் ஏற்பாடு) படிவத்துக்கு ஒப்புதல் அளித்தால் 10 பவுண்டு 12.50 பவுண்டாகிறது என்பதை எல்லோரிடமும் சொல்லுங்கள். பலர் அந்தக் கட்டத்தைக் குறிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வண்டிச் செலவை நன்கொடையோடு கலக்காதீர்கள். அது நம் கைப்பணமாகவே இருக்கட்டும்.

மிதிப்பதே சிகிச்சையாகிவிடும் என்று நம்பி இதை வாங்குபவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையின் ஜே ஆல்பர்ட்ஸ் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளில் பயிற்சியாளரின் வேகத்துக்கு ஈடாக நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதித்தவர்களின் இயக்கக் குறைபாடு 35 விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் பங்கேற்றவர்கள் 10 பேர் மட்டுமே. தம் விருப்ப வேகத்தில் மிதித்தவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. என் ஓட்டம் பெரும்பாலும் இரண்டாம் வகையே. ஆயினும் வாரந்தோறும் வெளியே செல்லும் உற்சாகத்துக்காகவே இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளும் உண்டு. புதிதாக வாங்கினால் சில ஆயிரம் பவுண்டுகள் ஆகும். தாழ்வாக இருப்பதால் லாரி ஓட்டுநரின் கண்ணில் படுவது கடினம். உயரமான கொடியும் பகலிலும் எரியும் விளக்கும் இன்றிச் சாலையில் இறங்கக்கூடாது. வீட்டு வாயில் குறுகலாக இருந்தால் உள்ளே கொண்டுவருவதும் பாடுதான். எல்லாவற்றையும்விட, அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதுதான் நம் போன்றோருக்குப் பெரிய சோதனை. நிறுத்து பிரேக்கைப் பூட்டாமல் எழ முயன்றால் வண்டி நகர்ந்துவிடும். இருக்கை சற்று உயர்ந்த மாதிரிகளும், ஊன்றி எழக் கைத்தாங்கிகளும் கிடைக்கின்றன. கடையில் ஓட்டிப் பார்க்கச் செல்லும் நாளில், மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அதன் வீரியம் இறங்கும் வேளையிலும் உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.