ரே-பான் ஏவியேட்டர்: பல வருடம் போட்டால் எது தாங்கும், எது போகும்

ரே-பான் ஏவியேட்டர் கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கினால் காலத்துக்கும் வரும் என்பார்கள். அதில் வரும் ஜி-15 என்ற பச்சைக் கண்ணாடியைப் பொறுத்தவரை அது உண்மைதான். வருடங்கள் ஓட ஓட வேலை வைப்பது அதைத் தாங்கும் கம்பியும் ஸ்க்ரூவும்.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்த பாஷ் அண்ட் லோம்ப் இதை விமானிகளுக்காகச் செய்தது. ரே-பான் என்ற பெயர் 1937-ல் வந்தது. பைலட் அடிக்கடி கண்ணைத் தாழ்த்தி மீட்டர்களைப் பார்ப்பார். அப்போதும் கூசக் கூடாது என்றுதான் கண்ணாடி கன்னம் வரை துளிபோல இறங்குகிறது. 1953-ல் ஜி-15 வந்தது. சாம்பல் கலந்த பச்சை, ஏறக்குறைய 15 சதவீத வெளிச்சத்தை மட்டுமே உள்ளே விடும். போட்டுக்கொண்டு பார்த்தால் சிவப்பு சிவப்பாகவே தெரியும், நிறம் மாறாது. இதன் பெரிய பலம் அதுதான். 1999-ல் பிராண்டு இத்தாலியின் லக்ஸோட்டிகாவுக்குக் கைமாறியது. பழைய ஜோடிகளில் கண்ணாடி ஓரத்தில் பொடியாக 'பிஎல்' என்று பொறித்திருக்கும், இப்போது 'ஆர்பி'.

ஏவியேட்டரின் ஆர்பி 3025 மாடல், கண்ணாடி அகலத்தில் 55, 58, 62 மி.மீ. என மூன்று அளவில் வருகிறது. பெரும்பாலான முகத்துக்கு 58 சரி. சின்ன முகத்தில் 62 போட்டால் கன்னத்தில் இடிக்கும், சிரிக்கும்போதெல்லாம் மேலே ஏறும். போலரைஸ்டு வகை தண்ணீர்ப் பளபளப்பை நன்றாக வெட்டும், ஆனால் சில செல்போன், டேஷ்போர்டு திரைகள் ஒரு கோணத்தில் கறுத்துப்போகும். அன்றாடம் வண்டி ஓட்டுபவருக்குச் சாதா ஜி-15 போதும்.

முதலில் கெடுவது மூக்கில் உட்காரும் நோஸ் பேட். வியர்வையும் எண்ணெயும் பட்டு அதன் உலோகப் பிடியில் பச்சைக் களிம்பு படியும். கலவையில் செம்பு இருப்பதே காரணம். வாரம் ஒருமுறை ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் மென்மையான பல்துலக்கியும் போதும். பேட் மஞ்சளித்துக் கெட்டியானால் மாற்றிவிட வேண்டும், செலவு சொற்பம்.

அடுத்தது ஸ்க்ரூ. ஒவ்வொரு பக்கமும் இரண்டு: ஒன்று காதுக் கம்பி மடங்குவதற்கு, மற்றது கண்ணாடியைச் சுற்றிய வளையத்தை இறுக்குவதற்கு. இரண்டாவது தளர்ந்தால் கண்ணாடி லேசாக ஆடும், ஒருநாள் கழன்று தரையில் விழும். இது பிளாஸ்டிக் அல்ல, மினரல் கிளாஸ் எனும் நிஜக் கண்ணாடி; கீறலைத் தாங்கும், டைல்ஸ் தரையைத் தாங்காது. மாதம் ஒருமுறை கண்ணாடியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆடினால் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் கண்ணாடி விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும்.

ஒரு கையால் கழற்றும் பழக்கம் பிரேமை அகட்டிவிடும். மேஜையில் கவிழ்த்து வைத்தால் இரண்டு கம்பியும் பலகையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் கடையில் கொடுத்து நிமிர்த்துங்கள். வீட்டில் வளைத்தால் பற்றவைத்த இடம் விட்டுப்போகும்.

தூசி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்க வேண்டாம். முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத் துணியை எடுங்கள். மிரர் கோட்டிங், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னும் மேல்பூச்சு, உள்ளவற்றுக்கு இது கட்டாயம், அந்தப் பூச்சில் விழுந்த கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது.