பிளஸ் டூ பாடத்துக்குக் கட்டிய பணம் வேலைத்திறன் பயிற்சியாக மாறியது: பெற்றோர் கவனத்திற்கு

திருமங்கலத்தில் குடியிருந்துகொண்டு, மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். முன்பணம், பாக்கி, தவணை, வட்டி ஆகியவற்றோடுதான் என் பகல் முழுவதும் கழிகிறது. அப்படியிருந்தும், என் மகளின் படிப்புக்காக ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்துக்கு ரூ.62,400 கட்டி, அதில் பத்து மாதப் பாடத்தை இழந்திருக்கிறேன். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் இதே போன்ற திட்டங்களை இன்னும் வீடு வீடாகச் சென்று விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

2024 ஜூன் மாதம் என் மகள் பிளஸ் ஒன் சேர்ந்தாள். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்ஆஃப் மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரை மதிப்பெண் குறைந்தாலே தரவரிசையில் பலர் முந்திவிடுவார்கள். இந்தக் கவலை எந்த வீட்டில் இருக்கிறது என்பதை விற்பனைக்கு வருகிறவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பே தொலைபேசியில் பேசிவிட்டு, இரண்டு இளைஞர்கள் கையில் டேப்லெட்டுடன் வந்தார்கள். இருவரும் மதுரைப் பிள்ளைகள்தாம்; மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று பாடங்களிலும் நேரலை வகுப்பு, தினமும் மாலை ஏழு முதல் ஒன்பது வரை தமிழிலேயே சந்தேகம் தீர்க்கும் ஆசிரியர், மாதம் இரண்டு மாதிரித் தேர்வு என்று சொன்னார்கள். "சார், வட்டியே கிடையாது. மாசாமாசம் பீஸ் கட்டுற மாதிரிதான்" என்று அவர்களில் ஒருவர் சொன்ன சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

அது மாதக் கட்டணம் அன்று, கடன். அன்று ரூ.4,800 ரொக்கமாகக் கொடுத்தேன். மீதி ரூ.57,600-க்கு, மாதம் ரூ.3,200 வீதம் பதினெட்டுத் தவணை என்றார்கள். ஆதார், பான் அட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டு, என் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கினார்கள். அவற்றுள் ஒன்று, நான் பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் வாங்குவதற்கான ஒப்புதல். இன்னொன்று, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கான அனுமதி. நிதி நிறுவனம் முழுத் தொகையையும் அந்த மாதமே கல்வி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. ஆக, பாடம் நடத்துகிறவர்கள் இரண்டு ஆண்டுக்கான பணத்தை முதல் மாதத்திலேயே பெற்றுக்கொண்டார்கள். நான் யாரோ ஒருவருக்குக் கடன்காரனாக ஆனேன். பின்னாளில் நடந்த அத்தனைக்கும் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

முதல் ஆண்டைக் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் தீர்க்க வந்த கணித ஆசிரியை, மகள் எழுதிய தாளைக் கைபேசியில் பார்த்து, எந்த வரியில் குறியீடு மாறிப்போனது என்று காட்டிக்கொடுப்பார். தொகையிடலில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளை, காலாண்டுக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் இடையில் தேறிவந்ததற்கு அந்த அம்மையாரும் ஒரு காரணம். அவர் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் பின்னர் வேலையை இழந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

2025 ஜூன் மாதக் கடைசியில் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "எதிர்காலப் பணித்திறன்களை நோக்கிய புதிய பயணம்" என்று அதில் பெருமையாக எழுதியிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன நேரும் என்று ஒரு வரிகூட இல்லை. ஜூலையில் மாலை நேர ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கேட்ட சந்தேகத்துக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பிறகு கணினியே தயாரித்த பதில் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு முறை அந்தப் பதிலில் இருந்த விடைக்கும் பாடநூலின் பின்பக்க விடைக்கும் பொருந்தவில்லை என்று மகள் எடுத்துக் காட்டினாள். ஆகஸ்டு முதல் வாரம் செயலியைத் திறந்தபோது கணிதம், இயற்பியல், வேதியியல் என்ற மூன்று தலைப்புகளும் இல்லை. அவற்றின் இடத்தில் தரவுப் பகுப்பாய்வு, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நேர்காணல் ஆங்கிலம், தற்குறிப்பு எழுதும் முறை ஆகியவை இருந்தன. "உங்கள் மீதிக் காலம் உயர்தரத் தொகுப்புக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று மேலே ஒரு வாழ்த்துச் செய்தி வேறு. பதினாறு வயதுப் பிள்ளை என்னிடம் கைபேசியை நீட்டி, "அப்பா, எத்தனை வருசம் வேலை அனுபவம்னு கேக்குது, என்ன போடட்டும்?" என்று கேட்டாள்.

நிறுவனங்கள் ஏன் இப்படித் திசை மாறுகின்றன என்பது விளங்காத விஷயம் அன்று. அமெரிக்காவில் 'செக்' என்ற நிறுவனம் மாணவர்களின் வீட்டுப்பாடக் கேள்விகளுக்குச் சந்தா பெற்று விடை தந்துவந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், அதே உதவி இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியது. மாணவர்கள் அந்தப் பக்கம் போவதாக நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டதும், 2023 மே மாதம் ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 2025 அக்டோபரில் ஊழியர்களில் 45 விழுக்காட்டினரைக் குறைப்பதாக அறிவித்து, வேலைத்திறன் பயிற்சியின் பக்கம் தன் கவனத்தைத் திருப்பியது. எனக்குப் பாடம் விற்ற நிறுவனம் அதுவன்று. ஆனாலும் இத்தொழிலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. மாணவர்களுக்கு விடை சொல்லி வருமானம் ஈட்டுவது கடினமாகிவிட்டது. வேலை தேடுவோரிடமும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க விரும்பும் நிறுவனங்களிடமும் பணம் இருக்கிறது.

தொழிலை மாற்றிக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. எங்கள் வீதியில் மிளகாய் வற்றல் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பருப்புக்கு மாறிய கடைகள் உண்டு. ஆனால், வற்றலுக்கு முன்பணம் வாங்கியிருந்தால், ஒன்று சரக்கை அனுப்பி முடிப்பார்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேரேட்டில் கணக்கை நேர் செய்வார்கள். வற்றல் கேட்டவர் கடையில் பருப்பு மூட்டையை இறக்கிவிட்டு, இது அதைவிட உயர்ந்த சரக்கு என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்ன கடை அடுத்த ஆண்டு அந்த வீதியில் இருக்காது.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஆறு முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்தார். வாங்கிய பதினைந்து நாளுக்குள் கேட்டிருந்தால்தான் பணம் திரும்பும் என்றார் ஒருவர். பாடப்பொருளை மாற்றவும் அதற்கு இணையான வேறொன்றைத் தரவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று விதிமுறையில் இருப்பதாகச் சொன்னார் இன்னொருவர். பிளஸ் டூ வேதியியலுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் எப்படி இணையாகும் என்று கேட்டதற்கு, மேலதிகாரி அழைப்பார் என்றார். யாரும் அழைக்கவில்லை.

பாடம் நின்றுவிட்டதே, தவணையை மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்று எண்ணி, செப்டம்பரில் வங்கியில் சொல்லித் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தினேன். இது நான் செய்த பிழை. மற்றவர்கள் இதைச் செய்ய வேண்டாம். பிடித்தத்தை நிறுத்தினால் கடன் நின்றுவிடாது. நிதி நிறுவனத்திலிருந்து காலையும் மாலையும் அழைப்பு வந்தது. ஒவ்வொரு தவறிய தவணைக்கும் ரூ.590 தண்டம் சேர்ந்தது; "பாடம் நடந்ததா இல்லையா என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான விஷயம், கடன் எங்களுக்கும் உங்களுக்கும் இடையிலானது" என்றார்கள். இதற்குள், கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் என் சிபில் மதிப்பெண் இறங்கிவிட்டது. நாளை மகளின் கல்லூரிக் கல்விக் கடனுக்கு நான்தான் உடன் கையெழுத்திட வேண்டும், அப்போது வங்கி முதலில் பார்ப்பது அந்த மதிப்பெண்ணை என்று கடை முதலாளி அண்ணாச்சி எடுத்துச் சொன்னபின், நிலுவையைத் தண்டத்தோடு கட்டி, டிசம்பரில் கடனை முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இரண்டு ஆண்டுக்கு ரூ.62,400 என்றால் மாதத்துக்கு ரூ.2,600, கிடைக்காத பத்து மாதத்துக்கு ரூ.26,000. இந்தத் தொகையைத்தான் இப்போது கேட்கிறேன்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிச் சமரசம் செய்ய முயல்வார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. மூன்று வாரத்தில் நிறுவனம் அளித்த பதில், இன்னொரு பயிற்சியை வாங்கினால் தள்ளுபடி தருவதாக இருந்தது. அதன்பின் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். கல்வி நிறுவனங்கள் இச்சட்டத்துக்குள் வராதே என்று சிலர் என்னைத் தயங்க வைத்தார்கள். பள்ளி கல்லூரிகளைப் பற்றி அப்படிச் சொன்ன தேசிய நுகர்வோர் ஆணையமே, தனிப்பயிற்சி மையங்கள் அந்த விலக்குக்குள் வாரா என்று 2020-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

புகாருக்கு மிகவும் உதவியவை, விற்க வந்த அன்று அந்த இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட அட்டவணையும், மகள் தற்செயலாக எடுத்துவைத்திருந்த பழைய செயலிப் பக்கப் படங்களும்தான். நிறுவனத்தின் இணையதளத்தில் பிளஸ் டூ பாடம் இருந்ததற்கான சுவடே இன்று இல்லை. எனவே, இத்தகைய திட்டத்தில் ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள், பாடம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, என்ன தருவதாகச் சொன்னார்களோ அந்தப் பக்கங்களையெல்லாம் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சேர நினைப்பவர்களுக்கு: மாதாமாதம் கட்டி, வேண்டாம் என்றால் அடுத்த மாதம் நிறுத்திக்கொள்ளும் வசதி இல்லாத எதிலும் கையெழுத்திட வேண்டாம். சந்தாவுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் முறையைத் தவிர்க்குமாறு மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டிருந்தது. அதை நான் அறிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். தவணை என்று யாராவது சொன்னால், கடன் கொடுப்பவர் யார் என்று பெயரைக் கேளுங்கள். கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை அவர்கள் முன்கூட்டியே தர வேண்டும் என்பதும், மனம் மாறினால் தண்டமின்றிக் கடனை முடித்துக்கொள்ளக் குறுகிய அவகாசம் உண்டு என்பதும் இணையவழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இவ்விரண்டைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

வேலைத்திறன் பயிற்சியை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால், தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அதே வகைப் பயிற்சி கிடைக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். எங்கள் மகளுக்கு அதற்கான காலம் வரும். அவளுக்கு இந்த ஆண்டு தேவைப்பட்டது கணிதமும் இயற்பியலும் வேதியியலும். இப்போது தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் மாலையில் போகிறாள். மற்ற இரண்டுக்கும் பள்ளிக்கல்வித் துறையின் 'மணற்கேணி' செயலியைப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். இடையில் வீணான மூன்று மாதத்தை எந்தத் தொகையாலும் ஈடுகட்ட முடியாது என்பதை ஆணையத்திடம் எழுத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

இதே போல் பிளஸ் டூ பாடத்துக்குப் பணம் கட்டி, செயலியில் வேலைத்திறன் தொகுப்பைப் பெற்றவர்கள் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வட்டாரத்தில் இருந்தால் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதி பெற்று ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. வரும்போது பணம் கட்டிய ரசீது, கடன் கணக்கு அறிக்கை, விற்பனைக்கு வந்தவர்கள் அனுப்பிய செய்திகள் ஆகிய மூன்றையும் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். வரிசைப்படுத்திக் கணக்குத் தாள் எழுதித் தருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.